முப்பது அடிக்குக் கீழே பாம்பில்லை

தன் வீட்டுக் கக்கூஸுக்கும் பாம்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றுதான் சம்பூர்ணம் நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் படித்தது அவ்வளவுதான். சம்பந்தம் உண்டு என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு வாரியமும் மூன்று ஜீப்புகளும் பதினாலு மாதமும் தேவைப்பட்டன.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஆட்டோக்காரன்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவேண்டிய சந்து ஒன்றில் அவள் வீடு. வீடென்றால் ஒன்றரை அறை, முன்பக்கம் ஒரு கக்கூஸ். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். அப்பா எத்திராஜ் அவளோடுதான் இருந்தார். கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது நெஞ்சு நிறையக் கல்தூசியை மட்டும்தான். எழுபத்தேழு வயது. பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும்.

போன வருடம் ஜூன் மழையில் கக்கூஸிலிருந்து போகும் பழைய குழாய் மண்ணோடு இறங்கி உடைந்துவிட்டது. ஊற்றினதெல்லாம் திரும்ப மேலே வந்தது. பெரிய வைத்தியம் ஒன்றும் வேண்டியதில்லை. பன்னிரண்டு அடி தள்ளிச் சந்துக்கு நடுவில் பாதாளச் சாக்கடை போகிறது. இரண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டி, குழாய் போட்டு, மூடினால் தீர்ந்தது. பக்கத்துத் தெரு பிளம்பர் கார்த்திகேசன் காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவதாகச் சொன்னான். சொன்னபடி ஆரம்பிக்கவும் செய்தான்.

ஒன்பதரை மணிக்குக் கடப்பாரையோடு ஒரு கட்டி மண் பெயர்ந்தது. அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பாக, ஷூ லேஸ் மாதிரி ஒன்று நெளிந்து விழுந்தது. புழுப்பாம்பு. கண் தெரியாது, பல் படாது, எறும்பு முட்டையையும் கரையான் முட்டையையும் தின்றுவிட்டு மண்ணுக்குள் கிடக்கும். கார்த்திகேசன் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான். சம்பூர்ணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அல்சூர் ஏரிக்குப் பக்கத்து நர்சரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் செடித்தொட்டிக்கு மண் ரொப்புகிறவள் அவள். அந்தப் பிராணியை அவள் பார்த்த அளவுக்கு அவளுடைய சொந்தக்காரர்களைப் பார்த்ததில்லை.

"பேடா, பேடா. கை வைக்காதீங்க."

சந்து முனையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவன், வேண்டாம் வேண்டாம் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு டம்ளரோடு ஓடிவந்தான். பேர் கிஷோர். பரவல் எல்லை நிர்ணய வாரியத்தின் கள அலுவலர் என்று கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. அவன் குழிக்கு முன்னால் மண்டி போட்டான். போனில் பதினேழு போட்டோ எடுத்தான். பிறகு கார்த்திகேசனிடம், தோண்டின மண்ணை எந்த வரிசையில் எடுத்தானோ அந்த வரிசையிலேயே திரும்பப் போடும்படி சொன்னான்.

இந்த வாரியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லும்போதே வயிறு எரிகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். எந்தப் பிராணி எதுவரைக்கும் வசிக்கலாம் என்று கோடு போடுவது அதன் வேலை. ஆரம்பித்து ஆறு வருடம். நாற்பத்திரண்டு சிப்பந்திகள், சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம், கோடு போட ஏழு நிறத்தில் பேனா எல்லாம் இருந்தன. பிராணிதான் இல்லை. யானையும் சிறுத்தையும் வனத்துறையிடம் இருந்தன. பறவைகளுக்கு வேறு ஆள். தவளைக்கு ஒரு கமிட்டி முந்திக்கொண்டது. ஆறு வருடமாகத் தலைவர் ரகுராம் காலி வரைபடத்துக்கு எதிரே உட்கார்ந்து வாரியத்தின் அவசியத்தைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காலையில் கிஷோர் அந்தப் பக்கம் வந்ததே, சம்பூர்ணத்தின் பின்சுவரை ஒட்டி எழும்பும் இருபத்தாறு மாடிக் கட்டடத்துக்கு 'இங்கே எந்தப் பிராணியும் இல்லை' என்று சான்றிதழ் கொடுக்கத்தான். கொடுத்துவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் பிராணி கிடைத்துவிட்டது.

இரண்டே நாளில் அது உலகத்துக்கே புதிய இனம் ஆகிவிட்டது. பேர், ரகுராமின் குருட்டுப் பாம்பு. மூன்றாம் நாள் வரைபடத்தில் முதல் கோடு விழுந்தது. பாம்பு தென்பட்ட இடம் அந்தச் சந்து, ஆகவே உலகத்தில் அது வசிப்பது அந்தச் சந்தில் மட்டும். நீளம் இருநூற்றுப் பன்னிரண்டு அடி, அகலம் பதினாலு அடி. சந்தின் கிழக்குக் கோடியில் இருபத்தாறு மாடியின் காம்பவுண்ட் சுவர் வருகிற இடத்தில், எதிரே மாமியார் வருவதைப் பார்த்த மருமகன் மாதிரி கோடு சட்டென்று வளைந்து வேறு பக்கம் போயிற்று.

நாலாம் நாள் மூன்று ஜீப்புகளில் வந்து வீட்டுக்கு முன்னால் மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். எல்லைக்குள் யாரும் குழி தோண்டக் கூடாது. வெந்நீர் ஊற்றக் கூடாது. எறும்புப் பொடி போடக் கூடாது, எறும்பு முட்டை பாம்பின் ஆகாரம். அதிர்ந்து நடக்கக் கூடாது. சம்பூர்ணம் நோட்டீஸை இரண்டு தரம் படித்துவிட்டு, கக்கூஸைப் பற்றி எங்கே போட்டிருக்கிறது என்று கிஷோரைக் கேட்டாள். அது வேறு துறை என்றான்.

மார்க்கெட் பக்கம் ஒரு கட்டணக் கழிப்பறை இருக்கிறது. சம்பூர்ணம் எட்டு வைத்து எண்ணிப் பார்த்தாள், வீட்டு வாசற்படியிலிருந்து முந்நூற்று நாற்பது எட்டு. அவளுக்கு அது ஒன்றுமில்லை. எத்திராஜுக்கு அது நாலு இடத்தில் நின்று, ஒரு இடத்தில் உட்கார்ந்து, போய்ச்சேருகிற தூரம். முதல் இரண்டு வாரம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு மூன்று தரம் போய்வந்தார். மூன்றாம் வாரம் ஒரு நாள் டீக்கடைக்கு எதிரே நிற்கும்போதே வேட்டி நனைந்துவிட்டது. கடையில் நின்ற ஆள்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் மனுஷனைக் கொன்றது. பூமிக்குள் ஒன்பதாயிரம் அடி இறங்கியும் ஒருத்தனிடம் தலைகுனியாமல் மேலே வந்தவர், அன்றைக்கு வீடு வரும்வரை தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"தாகமே இல்லம்மா."

மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்த நாளும். காலையில் மாத்திரைக்கு அரை டம்ளர், சாயங்காலம் மாத்திரைக்கு அரை டம்ளர், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். குழம்பைக் குறைத்தார். காபியை விட்டார். நாளைக்கு மூன்று தரம் இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. அவள் கத்தினாள், கெஞ்சினாள், ஒரு நாள் டம்ளரைச் சுவரில் எறிந்தாள். அவர் சிரித்துக்கொண்டே, சுரங்கத்தில் எட்டு மணி நேரம் தண்ணீரில்லாமல் இருந்த உடம்பு இது என்றார். பொய் சொல்லும்போது அவர் எப்போதும் வேட்டி நுனியைச் சரிசெய்வார். அப்போதும் செய்தார்.

சம்பூர்ணம் நர்சரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாரிய ஆபீஸுக்குப் போனாள். ஒரு தரமா, இரண்டு தரமா. வாசலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா சாந்தகுமாரி நல்ல பொம்பிளைதான். ஒவ்வொரு தரமும் பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்து, கோப்பு தலைவரிடம் இருக்கிறது, 'நாளெ பன்னி', நாளைக்கு வாங்க என்று அனுப்பிவைத்தாள். ஐந்தாம் தரம் போனபோது காத்திருந்து காத்திருந்து அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. ஆபீஸ் கக்கூஸ் எங்கே என்று கேட்டாள். சிப்பந்திகளுக்கு மட்டும் என்று எழுதின கதவைக் காட்டி, சாவி தலைவர் அறையில் இருப்பதாகச் சாந்தகுமாரி வருத்தத்தோடு சொன்னாள்.

கடைசியில் விசாரணை நாள் வந்தது. தலைவர் ரகுராம் தங்கமாகப் பேசினார். அவளை உட்காரச் சொன்னார். அவர் மேஜைமேல் மூன்று தண்ணீர் பாட்டில்கள் இருந்தன.

"நீங்க ஏதோ சந்துல குடியிருக்கறதா நினைக்கறீங்க. இல்லம்மா. நீங்க இருக்கறது ஓர் உலக எல்லைக்குள்ள. ஜெர்மனில போன மாசம் உங்க சந்தோட படத்தை நான் திரையில காட்டினேன், எழுந்து நின்னு கைதட்டினாங்க. ஒரு இனத்தோட மொத்த உலகமே உங்க வாசல்ல இருக்கு. அதுக்குக் கண்ணு தெரியாது, காது கேட்காது. அதுக்காக யார் பேசுவா? நாங்கதான் பேசணும். உங்களுக்கு வாய் இருக்கே, உங்க அப்பாவுக்கும் வாய் இருக்கே, அப்புறம் நாங்க எதுக்கு?"

சம்பூர்ணம் பொறுமையாக, இந்தப் பாம்பு நர்சரியில் தொட்டிக்கு இரண்டு இருக்கிறது என்று சொன்னாள். தொம்மலூர் ஆபீஸ்களுக்கும் ஒயிட்ஃபீல்டு வீடுகளுக்கும் இருபத்திரண்டு வருடமாகத் தொட்டி போகிறது, தொட்டி போன இடமெல்லாம் பாம்பும் போயிருக்கும் என்றாள்.

"அதெல்லாம் பதிவுல இருக்கா?"

"யாரு சார் பதியறது? மண்ணோட வருது, மண்ணோட போவுது."

"பதிவுல இல்லைன்னா அது பாம்பு இல்லம்மா. புழு."

அதோடு விசாரணை முடிந்தது. ஆனால் இன்னொரு சிக்கல் கிளம்பியது. வாரியப் படிவத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இரண்டு கட்டம் உண்டு. சந்தில் அதுவரை அகப்பட்ட பதினோரு பாம்பும் பெண். ஆண் கட்டம் காலியாக இருந்தால் கோப்பு நகராது. ஆகவே ஆண் தேடும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆறு பேர் டார்ச்சோடும் சின்னக் கரண்டியோடும் சந்தில் ஐந்து மாதம் குப்புறப் படுத்துத் தேடினார்கள். வாரியத்தின் சொந்த விதிப்படி அவர்கள் தோண்டக் கூடாது, ஆகவே மண்ணுக்கு மேலேயே தேடினார்கள். இந்த மாதிரிப் பாம்பில் ஆணே கிடையாது, பெண் தானாகவே முட்டையிடும் என்று யாரோ ஒருவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்தபோது மார்ச் மாதம் வந்துவிட்டது. வாரியம் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மகளிர் தினத்தன்று சந்துக்கு வந்து கோலம் போட்டு, பாம்புக்கு வாழ்த்துச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எத்திராஜுக்கு நெருப்பாக எரிந்துகொண்டு, சொட்டுச் சொட்டாகத்தான் போயிற்று. எல்லைக்குள் கூட்டம் நின்றதால் அவரைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் போகவேண்டி வந்தது. எட்டு எத்தனை என்று அவள் எண்ணவில்லை.

இதற்கு நடுவில் பின்சுவருக்கு அப்பால் இருபத்தாறு மாடிக்காரர்கள் மூன்று அடுக்கு பேஸ்மென்ட்டுக்குப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து அடி. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஒரு ராட்சத மிஷின் பூமியைக் குத்தியது. சம்பூர்ணத்தின் அலமாரியில் டம்ளர்கள் குதித்தன. சுவரில் விரிசல் விட்டது. அவள் செருப்பை வேகமாகப் போட்டு நடந்தால் அதிர்வு என்று எழுதிக்கொண்டு போகிற கிஷோர், அந்த மிஷின் சத்தத்தில் அவளிடம் பேசவே காதருகே குனியவேண்டியிருந்தது. ஒரு நாள் அவள் அவனை விடவில்லை. வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"என் குழி ரெண்டரை அடி. அந்தக் குழி நாப்பத்தஞ்சு. பாம்பு எனக்கு மட்டும்தான் வருமா சார்?"

கிஷோர் சுற்றுமுற்றும் பார்த்தான். அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன், மனசாட்சி இன்னும் முழுக்கச் செத்திருக்கவில்லை.

"ரூல் அரையடிலேர்ந்து முப்பது அடி வரைக்கும்தான்மா. முப்பது அடிக்குக் கீழே பாம்பில்லைன்னு தலைவர் சர்டிபை பண்ணியிருக்கார். அதனால முப்பதுக்கு மேல ஆழமா போற குழி எல்லாம் பாம்பில்லாத குழி. அதுக்கு ஒற்றைச் சாளரத்துல உடனே பர்மிஷன்."

"முப்பதுக்குப் போறதுக்கு மொதல்ல ரெண்டரைய தாண்டணுமே சார்."

"அது குழி இல்லம்மா. போற வழி."

அவள் உள்ளே வந்து எத்திராஜிடம் அப்படியே சொன்னாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மெதுவாகத் திரும்பினார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி ஆயிற்று.

"முப்பது அடிதானா? எங்க பசங்கள வரச் சொல்லும்மா."

இந்த உலகத்தில் வேறு எவரும் அந்த விதியைப் படித்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கோலார் சுரங்கத்து ஜனங்கள் மட்டும்தான் அதில் ஒரு வழியைப் பார்ப்பார்கள். வாசலுக்கும் கக்கூஸுக்கும் நடுவில் ஐந்தடி அகலத்துக்குக் காலி இடம் இருந்தது. அதில் முப்பத்தோரு அடி இறக்கி, சிமெண்ட் உறை அடுக்கி, கக்கூஸ் குழாயை அதிலேயே விட்டுவிடுவது. பன்னிரண்டு அடி தள்ளிப் பாதாளச் சாக்கடை சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஓடட்டும்.

விண்ணப்பத்தில் திட்டத்தின் பேரும் மாதிரிப் படமும் கேட்டிருந்தது. கார்த்திகேசன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து 'சம்பூர்ணம் என்க்ளேவ்' என்று பேர் வைத்தான். கடைக்காரன் எங்கிருந்தோ எடுத்து நீரூற்றும், ஓடுகிற ஒரு ஜோடியும், நாய்க்குட்டியும் போட்ட படத்தை ஒட்டிக்கொடுத்தான். பதினோரு மாதம் நகராத கோப்பு ஒன்பது நாளில் நகர்ந்தது. ரகுராமே தேங்காய் உடைக்க வந்தார். ஐந்தடி இடத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, பெரிதாக யோசிக்கிறவர்களை வாரியம் என்றைக்கும் தடுத்ததில்லை என்றும், சின்னக் குழிகளால்தான் இயற்கைக்கு ஆபத்து என்றும் அங்கே கூடியிருந்த ஏழு பேருக்குப் பேருரை ஆற்றிவிட்டுப் போனார்.

உறை வந்து சேரவும் ஆள் சேரவும் கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு நாலு பேர் சுரங்கத்தை ஒட்டின மாரிக்குப்பத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலை ரயிலில் வந்தார்கள். எத்திராஜோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். மற்ற நாளில் இதே பெங்களூரில் ஐ.டி. கம்பெனி வாசல்களில் செக்யூரிட்டி. கயிறும் ராட்டினமும் கட்டி, சரியாமல் பலகை அண்டக்கொடுத்து, அளந்து அளந்து இறங்கினார்கள். முதல் இரண்டடியில் ஏழு புழுப்பாம்புகள் வந்தன. 'போற வழி' என்பதால் கிஷோர் பார்க்கவில்லை. சம்பூர்ணம் அவற்றை மண்ணோடு அள்ளிக் கோணியில் போட்டாள். நல்ல செம்மண், அத்தனையும் நர்சரிக்குப் போயிற்று.

மூன்றாம் ஞாயிறு இருபத்தொன்பதரை அடியில் டீ குடிக்க மேலே ஏறியவர்களிடம் கிஷோர் டேப்போடு வந்து கெஞ்சினான். அண்ணா, இந்த நிமிஷம் உங்க குழி முப்பதைத் தொடல, இது குற்றம், சீக்கிரம் இறங்கி இன்னும் அரையடி வெட்டிடுங்க என்றான். அவன் கேலி பேசவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. அவர்கள் டீயை வைத்துவிட்டு இறங்கினார்கள்.

அதே ஞாயிறு மத்தியானம் எத்திராஜ் வாந்தி எடுத்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பேசினால் வார்த்தை குழறியது. குழியில் இருந்தவர்களில் இருவர் மண்ணோடு ஏறிவந்து அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று கேட்டாள். மாத்திரைக்கு அரை டம்ளர், மாத்திரைக்கு அரை டம்ளர் என்று சம்பூர்ணம் சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். பதினாலு மாதமாக. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டாள்.

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தவள், பாம்பு, எல்லை, ஆண் தேடும் குழு என்று பாதி வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பைத்தியக்காரி பேசுகிற மாதிரி இருந்தது.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. முன்பே கொஞ்சம் பழுது இருந்திருக்கலாம், தண்ணீர் குடித்திருந்தால் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தரம் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். இனிமேல் தண்ணீர், காபி, குழம்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு இரண்டு டம்ளர். அதற்குமேல் ஒரு வாய் போனாலும் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும்.

எத்திராஜ் வீட்டுக்குத் திரும்பியபோது கக்கூஸ் தயாராக இருந்தது. வெள்ளை டைல்ஸ், பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி, கார்த்திகேசன் தன் கையால் வைத்தது. கட்டிலிலிருந்து ஆறு எட்டு. அவருக்கு இப்போது அதில் போவதற்கு ஒன்றும் வருவதில்லை.

அக்டோபரில் வாரியத்தின் ஆண்டு விழா. அல்சூரில் ஒரு ஹால் பிடித்திருந்தார்கள். 'குருட்டுப் பாம்பின் தோழி' என்று சம்பூர்ணத்துக்குப் பாராட்டு. அவள் வரமாட்டேன் என்றுதான் இருந்தாள். நர்சரியில் முதலாளி ஐம்பது தொட்டிக்கு ஆர்டர் வந்திருப்பதாகச் சொல்லி, எந்த விழாவுக்கு என்பதையும் சொன்னபோது மனசு மாறிவிட்டது. இப்போதெல்லாம் மேடையில் மாலை போடுவதில்லை, சால்வை போடுவதில்லை. பிரமுகருக்குப் பிரமுகர் செடித்தொட்டி கொடுத்துக்கொள்வார்கள். இயற்கைக்கு நல்லதாம். செவ்வாயும் புதனும் அவள் ஒருத்தியே ஐம்பது தொட்டியையும் ரொப்பினாள். தன் வாசல் மண்ணைப் போட்டுத்தான் ரொப்பினாள்.

மேடையில் பதினைந்து பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தொட்டி, ஒரு தண்ணீர் பாட்டில். பின்னால் திரையில் அவள் வீட்டுக் கக்கூஸின் படம் சுவர் அளவுக்குத் தெரிந்தது. ரகுராம் மைக்கைப் பிடித்தார்.

"வளர்ச்சி வேணுமா, இயற்கை வேணுமான்னு கேட்கறாங்க. ரெண்டும் வேணும். இதோ பாருங்க, நம்ம வாரியத்தின் வழிகாட்டுதல்ல உருவான, பாம்புக்கு இணக்கமான கழிப்பறை. இந்த அம்மா முதல்ல ரெண்டரை அடிதான் கேட்டாங்க. நாங்க கொடுத்துட்டுப் போயிருக்கலாம். ஆனா கொடுக்கல. மக்களோட கனவை ஆழப்படுத்தறதுதான் நிர்வாகம். பதினாலு மாசம் இவங்களைப் பக்குவப்படுத்தி முப்பத்தோரு அடிக்குக் கொண்டுவந்தோம். ஒரு பாம்புக்குக்கூடச் சேதம் இல்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நடுவே அவர் ஒரு பாட்டிலைக் காலி செய்து இரண்டாவதைத் திறந்தார். சம்பூர்ணத்தை அழைத்து ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

அவள் தொட்டியை வாங்கினாள். வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் அதை அப்படியே கவிழ்த்துத் தட்டினாள். செடி ஒரு பக்கம் சாய்ந்தது. மண் உதிர்ந்தது. மண்ணிலிருந்து இரண்டு கருப்பு நூல்கள் நெளிந்து, தலைவரின் பாட்டிலைப் பார்த்து ஊர்ந்தன.

"இந்தத் தொட்டி எல்லாம் நான் ரொப்பினது சார். உங்க பாம்பு இப்ப அம்பது தொட்டியில, உங்க எல்லார் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் வரப்போவுது. இந்த நிமிஷத்திலேர்ந்து இது எல்லைதான? அதிர்ந்து நடக்காதீங்க. யாரும் கக்கூஸுக்குப் போவாதீங்க. பதினாலு மாசம் போவாதீங்க. எங்க நைனா போவல. நீங்களும் போவாதீங்க."

மேடைக்குக் கீழே நின்ற கிஷோரின் கை, பழக்க தோஷத்தில், பையிலிருந்து மஞ்சள் ரிப்பனை வெளியே எடுத்துவிட்டது. ரகுராம் அவனைப் பார்த்தார்.

"கிஷோர், அது என்ன?"

கிஷோர் மேஜையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பதினேழு போட்டோ எடுத்தவன் அவன். ரிப்பனைச் சுருட்டி மறுபடியும் பைக்குள் வைத்தான்.

"மண்புழு சார்."

"மண்புழு" என்று ரகுராம் மைக்கில் சொன்னார். உழவனின் நண்பன் என்றும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் மூச்சு விட்டுக் கைதட்டியது. பயனாளி உணர்ச்சிவசப்பட்டு நன்றி தெரிவித்தார் என்று சாந்தகுமாரி குறிப்பில் எழுதினாள். யாரோ ஒருவர் மண்ணையும் நூல்களையும் டிஷ்யூ காகிதத்தில் திரட்டிக் கூடையில் போட்டார். ரகுராம் இரண்டாவது பாட்டிலையும் முடித்துவிட்டு, மன்னிக்கவும் என்று சிரித்து, மேடைக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்துகொண்டு போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் முன் வரிசை வரைக்கும் கேட்டது.

சம்பூர்ணம் நடந்தே வீட்டுக்கு வந்தாள். சந்து முனையில் மஞ்சள் ரிப்பன் வெளிறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்து அறுத்தாள். அறுத்து என்ன, அது கையோடு வந்தது, அவ்வளவுதான்.

எத்திராஜ் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். உதடு வெடித்துத் தோலாக உரிந்திருந்தது. அலமாரியில், அன்றைக்கு மிச்சம் இருந்த தண்ணீர் ஒரு சின்ன டம்ளரில், அரை விரல் உயரம், அவள் அளந்து வைத்துவிட்டுப் போனபடியே இருந்தது. அது சாயங்கால மாத்திரைக்கு.

அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இந்த முறை கை வேட்டி நுனிக்குப் போகவில்லை.

"தாகமா இருக்குதும்மா."